இருப்பதா, போவதா: காட்டுத்தீயும் ‘தயாரான’ குடிமகனும்

ஒரு செய்தி வேகமாகப் பரவினால் தமிழில் ‘காட்டுத்தீ போல’ என்கிறோம். 2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்தது இந்த உவமைக்கு நேர்மாறு. தீ முன்னால் போயிற்று. செய்தி பின்னால் வந்தது, சில ஊர்களுக்கு வரவே இல்லை. அன்று மெல்போர்னில் வெப்பம் 46.4 டிகிரி. 173 பேர் செத்தார்கள், அவர்களில் 113 பேர் வீடுகளுக்குள்.

வீட்டுக்குள் ஏன் இருந்தார்கள் என்று கேட்டால், அதற்கு அரசின் ஒரு வாசகமும் காரணம். ‘தயாராகு, இருந்து வீட்டைக் காப்பாற்று, இல்லையேல் முன்கூட்டியே கிளம்பு’ என்பது அங்கே தீயணைப்புத் துறைகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கொள்கை. கேட்பதற்கு நியாயமான பேச்சுதான். இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, இதற்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று வாசிக்க விரும்புகிறேன்.

1939 ஜனவரி 13, ‘கறுப்பு வெள்ளி’. அந்தக் கோடைத் தீயில் விக்டோரியாவில் 71 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. இறந்தவர்களில் பலர் நடுக்காட்டு மர அறுவை மில்களில் குடும்பத்தோடு தங்கி வேலைபார்த்தவர்கள். மாட்லாக் பக்கம் ஒரே மில்லில் 15 பேர். காட்டு மில்லில் உயிர்பிழைக்க அன்று இருந்த ஏற்பாடு மண்ணில் தோண்டிய பதுங்குகுழி ஒன்றுதான். (நமக்கு இந்தச் சொல் ஈழத்து எழுத்துகள் வழியாகப் பழக்கம்; அங்கே வானத்திலிருந்து வந்தது வேறு நெருப்பு.) பல மில்களில் குழியே கிடையாது, சிலவற்றில் பேருக்கு இருந்தது. செலவு யாருடையது என்பதே பிரச்சினை. விசாரணை நடத்திய நீதிபதி லியோனார்ட் ஸ்ட்ரெட்டன், தீ மனிதக் கையால் மூட்டப்பட்டது என்று எழுதினார். அரசாங்க அறிக்கை ஒன்று இலக்கியம்போல் இன்றும் வாசிக்கப்படுவது அபூர்வம், அவருடையது வாசிக்கப்படுகிறது. அந்த அறிக்கையில் தயார்நிலை என்பது முதலாளியின், அரசின் கடமை. தொழிலாளிக்குக் குழி வேண்டும், அதை வெட்டித்தர வேண்டியவர்கள் இன்னின்னார். அவ்வளவுதான், சுற்றிவளைப்பு இல்லை.

காட்டை அவ்வப்போது அளவாகக் கொளுத்திப் பராமரித்த பூர்வகுடிகளின் அறிவு இந்த விசாரணைகளின் சொல்லாடலுக்குள் வெகுகாலம் வரவே இல்லை. ரைஸ் ஜோன்ஸ் என்ற தொல்லியலாளர் 1969இல் அதைத் ‘தீக்கோல் வேளாண்மை’ என்று பெயரிட்ட பிறகுதான் கல்விப்புலம் காதுகொடுத்தது. ஆனால் அதையே சர்வரோக நிவாரணியாக்கிப் பேசுவதும் சரியில்லை. ஈரமான மலைக்காடுகளின் கதை வேறு.

அடுத்தது 1983 பிப்ரவரி 16. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் திருநீற்றுப் புதன் என்று சொல்லும் நாள். விக்டோரியாவில் 47, தெற்கு ஆஸ்திரேலியாவில் 28, ஆக 75 பேர் பலி. பிறகு ஆராய்ந்தவர்கள் இரண்டு விஷயங்களைக் கண்டார்கள். கடைசி நேரத்தில் ஓடியவர்கள் காரிலும் வெட்டவெளியிலும் செத்தார்கள்; ஆள் இருந்து தண்ணீர் ஊற்றிய வீடுகள் பல தப்பின. மேலே சொன்ன வாசகம் இதிலிருந்து பிறந்தது. இது பொய்யல்ல, உண்மையான அனுபவத்தின் சாரம். ஆனால் சாரமாக இறுகும்போது ஒன்று நடந்தது. ஸ்ட்ரெட்டனிடம் முதலாளிக்கும் அரசுக்கும் இருந்த கடமை, இப்போது வீட்டுக்காரரின் ‘தேர்வு’ ஆகிவிட்டது. கூரைச் சருகை அள்ளு, வாளியில் தண்ணீர் பிடித்து வை, கம்பளி உடுப்பு எடுத்து வை, பேட்டரி ரேடியோ வாங்கு. உடம்பு தெம்பாக இருக்கிற, சொந்த வீடும் தண்ணீர்ப் பம்பும் காரும் உள்ள ஒரு ஆள் இந்தப் பட்டியலுக்குள் நிற்கிறான். சட்டமும் அவன் பக்கம்தான். தன் சொத்தில் பண உரிமை உள்ளவரைத் தீ வந்தாலும் கட்டாயப்படுத்தி வெளியேற்ற அன்று விக்டோரியா போலீசுக்கு அதிகாரம் இல்லை. இருப்பதற்கான உரிமை உயிரோடு அல்ல, உடைமையோடு கட்டப்பட்டிருந்தது.

2009இல் செத்தவர்கள் யார்? 44 சதவீதம் பேர் 12 வயதுக்குக் கீழோ 70க்கு மேலோ உள்ளவர்கள், அல்லது நோயாளிகள், உடல் ஊனமுற்றவர்கள். விசாரணை ஆணையம் சொல்லும் கணக்கு இது. வாசகத்தில் இல்லாதவர்கள் பிணப்பட்டியலில் வந்துவிட்டார்கள்.

அன்றைய ஆகப்பெரிய நாசம் கில்மோர் கிழக்கில் கிளம்பிய தீயால் வந்தது. அது பழுதான ஒரு மின்கம்பியிலிருந்து தொடங்கியது. சருகை அள்ளிய வீட்டுக்காரர் எந்த வாளியால் அந்தக் கம்பியைச் சரிசெய்வது? அந்தத் தீ கிங்லேக் ஊரை நோக்கிப் போகிறது என்பதைக் கங்காரு கிரவுண்ட் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர்கள் கணித்துவிட்டார்கள். எச்சரிக்கை தயார். வெளியிட முடியவில்லை. ஏன்னா, அந்தத் தீ காகிதப்படி கில்மோர் மையத்தின் பொறுப்பு! நம்ம தாலுகா ஆபீசைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மக்கள் ‘தயாராக’ இருக்க வேண்டும் என்று ஆண்டாண்டாய்ச் சொன்ன அமைப்பு, தனக்குத் தெரிந்ததை மக்களுக்குச் சொல்லத் தயாராக இல்லை.

அளவுகோலிலும் இதே கதை. தீ அபாயக் குறியீட்டில் 100 என்ற உச்சப்புள்ளி 1939ஐ மனதில் வைத்துக் குறித்தது. அதற்கு மேல் ஒரு நாள் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. 2009இல் குறியீடு 100ஐ வெகுவாகத் தாண்டிற்று. பிறகுதான் ‘பேரழிவு’ என்ற தனிப்படி சேர்ந்தது. அப்படிப்பட்ட நாளில் சண்டைபோடாதே, முந்தினநாள் இரவோ அன்று விடியலிலோ கிளம்பு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 2010 ஜூலையில் வந்த ஆணையத்தின் இறுதி அறிக்கை 67 பரிந்துரைகளைச் சொன்னது. பழைய மின்தடங்களை மாற்றுவது, பொதுப் புகலிடங்கள் அமைப்பது, பலவீனர்களை முன்கூட்டி அப்புறப்படுத்துவது எல்லாம் அதில் உண்டு. பதுங்குகுழி எழுபது வருஷம் கழித்துப் புகலிடம் என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது எனலாம்.

சரி, போகச் சொல்லியாச்சு. எப்படிப் போறது? 2019 டிசம்பர் 31 அன்று கடற்கரை ஊரான மல்லகூட்டாவைத் தீ சூழ்ந்தபோது ஊர்க்காரர்களும் விடுமுறைக்கு வந்தவர்களுமாக ஏறத்தாழ 4,000 பேர் அங்கே மாட்டிக்கொண்டார்கள். நெடுஞ்சாலைக்குப் போக ஊருக்கு ஒரே ரோடு, நெடுஞ்சாலையும் மூடிக்கிடந்தது. பட்டப்பகல் இருண்டு சிவந்த வானத்தின் கீழ் ஜனங்கள் தண்ணீர் ஓரத்தில் நின்றார்கள். 2020 ஜனவரி 3 அன்று கடற்படைக் கப்பல் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிப்போனது. கப்பலில் ஏறக் கயிற்று ஏணி இருந்ததால், நடக்கமுடியாதவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஹெலிகாப்டர்தான் வழி. புகை விலகினால்தான் அது பறக்கும்.