சொறிமீனின் நரம்பு



கடலோரத்தில் வாழ்பவர்களுக்குச் சொறிமீன் உவப்பான பிராணியன்று. வலையிற் சிக்கினால் மீனவர் சினத்துடன் எடுத்தெறிவர். நீராடுவோர் உடலிற் பட்டால் அரிப்பும் எரிவும் உண்டாகும். அலையோடு வந்து மணலில் ஒதுங்கினாலோ, சிறிது பொழுதுக்குள் வெயிலில் வற்றி ஒரு மெல்லிய படலமாகி விடும். அதன் உடலில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு நீரே உளது. எலும்பில்லை, இரத்தமில்லை, தலையில்லை, மூளையுமில்லை. மனித மூளை எவ்வாறு அமைந்துள்ளது என்னும் வினாவுக்கு இத்தகைய பிராணியிடமே விடைக்கு வழி தேடினர் சிலர். அவர்களுடைய வரலாற்றையே இன்று பேச எண்ணுகிறேன்.

உயிர்களின் தோற்றம்பற்றிய டார்வினின் நூல் 1859ஆம் ஆண்டில் வெளிவந்தது. உயிரினங்கள் யாவும் முன்னிருந்தவற்றிலிருந்து சிறிது சிறிதாகத் திரிபடைந்து வந்தனவாயின், நரம்புக்கும் ஒரு தொடக்கம் இருந்திருத்தல் வேண்டுமன்றோ? அத்தொடக்கத்தைத் தேடுவோர் கடலில் வாழும் முள்ளந்தண்டிலிகளையே நாடினர். ஆனால் சொறிமீனுக்கு நரம்பு என்று ஒன்று உண்டா என்பதே அக்காலத்தில் ஐயமாயிருந்தது.

அவ்வையத்தைத் தீர்க்க முற்பட்டவர்களுள் ஒருவர் ஜோர்ஜ் ஜோன் ரொமானிஸ். 1848ஆம் ஆண்டில் கனடாவிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்று, டார்வினின் நட்பைப் பெற்ற இளைஞர். செல்வர், வயிற்றுப் பாட்டுக்காக உழைக்கவேண்டிய நிலை அவருக்கில்லை. ஸ்கொத்லாந்தின் வடகீழ்க் கரையிலே, குரொமாட்டிக் கடற்கழியோரத்தில் அவர் கோடைகாலங்களைக் கழித்தார். கண்ணாடித் தொட்டியும் கத்தரிக்கோலுமே அவருடைய முதன்மையான கருவிகள் எனலாம்.

அவர் பெரிதும் ஆராய்ந்தவற்றுள் ஒன்று ஒரேலியா என்னும் இனம். குடைபோன்ற அதன் உடலின் விளிம்பிலே எட்டுச் சிற்றுறுப்புகள் உள. விளிம்பு முழுவதையும் வெட்டி நீக்கினார் ரொமானிஸ். குடை அசைவற்று நின்றது. எட்டில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தாலோ, குடை முழுவதும் முன்போலச் சுருங்கி விரிந்தது. ஆகவே துடிப்பு விளிம்பில் எழுந்து உடலெங்கும் பரவுகின்றது என்பது தெளிவாயிற்று. ஜேர்மனியில் ஐமர் என்பவரும் ஏறக்குறைய அதே காலத்தில் இம்முடிவுக்கு வந்திருந்தார்.

துடிப்பு எவ்வழியாற் பரவுகின்றது? இதனை அறியவே ரொமானிஸ் தம் கத்தரிக்கோலை வியக்கத்தக்க வகையிற் கையாண்டார். தேங்காய்த் துருவலைப்போல் அப்பிராணியைத் துண்டு துண்டாக்கவில்லை. மாம்பழத் தோலை அறாமற் சீவுவதுபோலக் குடையைச் சுற்றிச் சுற்றி வெட்டி, ஒரு நீண்ட நாடாவாக்கினார். நாடாவின் ஒரு முனையில் எழுந்த சுருக்கம் மறுமுனைவரை அலையாகச் சென்றது. பின்னர் இருபுறமும் மாறி மாறி வெட்டி, நேர்வழி எதுவுமே எஞ்சாதவாறு செய்தார். அப்பொழுதும் பல வேளைகளில் அலை வளைந்து வளைந்து சென்று மறுபுறத்தை அடைந்தது.

நம் மொழியில் நரம்பு என்னும் சொல் யாழின் தந்தியையும் குறிக்கும். தந்தியோ ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான். சொறிமீனின் நரம்பு தந்தி போன்றதன்று, வலை போன்றது என்று காட்டியதே ரொமானிசின் பேறு. அவர் அதனை மிக நுண்ணிய மஸ்லின் துணியின் இழைகளுக்கு ஒப்பிட்டார். எத்திசையிற் கிழித்தாலும், ஓரிழையாவது மிஞ்சியிருந்தால் வழி உண்டு.

வலை என்றவுடன் இன்னொரு வினா எழுகின்றது. நம் மீனவர் முடியும் வலையிலே கண்ணுக்குக் கண் நூல் தொடர்ந்தே செல்லும். இவ்வலையும் அப்படித் தொடர்ந்த ஒன்றுதானா? இழைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியனவா, அன்றித் தனித்தனியே கிடப்பனவா?

இதற்குக் கண்ணாற் கண்டு விடை கூறியவர் எட்வேட் ஷேபர். இலண்டன் யுனிவேர்சிற்றிக் கல்லூரியிற் பணியாற்றிய உடற்றொழிலியலாளர். அவர் ஒரேலியாவின் மெல்லிய படலங்களை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து, இழை இழையாகத் தொடர்ந்து பார்த்தார். 1878ஆம் ஆண்டில் தாம் கண்டதை வெளியிட்டார். நரம்பிழைகள் ஒன்றையொன்று அணுகுகின்றன. அருகருகே சிறிது தூரம் ஓடுகின்றன. ஆனால் எங்குமே ஒன்றோடொன்று கூடி ஒன்றாவதில்லை. ஒவ்வொன்றும் தனி. அதே ஆண்டில் ஹேர்ட்விக் சகோதரர் இருவரும் ஜேர்மன் மொழியிற் சொறிமீன்களின் நரம்புத் தொகுதிபற்றி ஒரு பெருநூல் வெளியிட்டனர்.

ஷேபருடைய கூற்றுப் பெரும் புரட்சியை உண்டாக்கியிருக்க வேண்டும், உண்டாக்கவில்லை. சொறிமீனின் செய்தி சொறிமீனுக்கே உரியது என்று கருதினர்போலும். அவருடைய பெயர் பிற்காலத்தில் வேறு காரணங்களுக்காகவே பரவிற்று. நீரில் மூழ்கியவர்களைக் குப்புறக் கிடத்தி முதுகை அமுக்கிச் சுவாசம் வரச்செய்யும் முறையை 1903ஆம் ஆண்டில் வகுத்தவர் அவரே. அம்முறை இன்று வழக்கொழிந்து விட்டது. அவருடைய சொறிமீன் ஆராய்ச்சியோ ஒழியவில்லை.

இனி, காட்சி கடற்கரையிலிருந்து மூளைக்கு மாறுகின்றது. இத்தாலியரான கமில்லோ கொல்ஜி 1873ஆம் ஆண்டில், வெள்ளியுப்பைக் கொண்டு நரம்புக் கலங்களைக் கருநிறமாக்கும் ஒரு முறையைக் கண்டார். மூளை முழுவதும் தொடர்ந்த ஒரே வலை என்பது அவர் கொண்ட முடிவு. ஸ்பானியரான ரமோன் கஹால் அதே முறையைச் செப்பஞ்செய்து, 1888ஆம் ஆண்டில் பறவையின் சிறுமூளையை ஆராய்ந்து, கலங்கள் தனித்தனியே நிற்கின்றன என்றார். ஷேபர் பத்தாண்டுகளுக்கு முன் சொறிமீனிற் கண்டதும் இதுவே. 1891ஆம் ஆண்டில் வால்டயர் என்னும் ஜேர்மானியர் அத்தனிக் கலத்துக்கு நியூரன் என்று பெயரிட்டார். 1906ஆம் ஆண்டில் நோபல் பரிசைக் கொல்ஜிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளித்தனர். பரிசு பெறும்போது ஆற்றிய உரையிலேயே, உடன் பரிசு பெற்றவரின் கொள்கையைக் கொல்ஜி மறுத்துரைத்தார். இருவரும் கண்டது ஒரே சாயம் ஏறிய ஒரே வகைக் கலங்களைத்தான்!

வழக்கு கஹாலின் பக்கமே சாய்ந்தது. ஆயினும் கடலிலிருந்து சாட்சிகள் வந்துகொண்டேயிருந்தன. அவற்றுள் ஒன்று நாம் கறிசமைத்துண்ணும் கணவாயின் இனத்தது. அதன் உடற்போர்வையிலே ஒரு மில்லிமீற்றர்வரை தடித்த நரம்பிழைகள் உள என்பதை 1936ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார் ஜோன் சக்கரி யங் என்னும் ஆங்கிலேயர். நம் உடலின் தடித்த நரம்பிழையும் இதில் ஐம்பதில் ஒரு பங்களவே. பகை கண்டதும் உடற்போர்வை முழுவதையும் ஒரே கணத்திற் சுருக்கி, நீரைப் பீறிட்டுத் தப்பியோடுவதற்குக் கணவாய்க்கு இவ்விழை உதவுகின்றது. இதன் தடிப்பினால், இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வுகூடத்திலே ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1939ஆம் ஆண்டில் இழைக்குள்ளேயே நுண்ணிய மின்வாயைச் செலுத்தி, நரம்பின் மின்துடிப்பை அளந்தனர். உடனே போர் மூண்டது, ஆராய்ச்சி நின்றது, 1941ஆம் ஆண்டில் அவ்வாய்வுகூடமும் குண்டுவீச்சிற் சேதமுற்றது. போரின் பின் மீண்டுந் தொடங்கி, 1952ஆம் ஆண்டில் அத்துடிப்பின் கணிதத்தையே அவர்கள் எழுதி முடித்தனர். 1963ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புகழ்பெற்ற இக்கதையில் ஒரு சிறு செய்தி பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கணவாயின் அப்பேரிழை ஒரு கலத்தின் கிளையன்று. நூற்றுக்கணக்கான கலங்களின் கிளைகள் ஒன்றாய் உருகிச் சேர்ந்தமையால் ஆனது. யங் இதனையும் எடுத்துரைத்தார். ஒவ்வொரு கலமும் தனி என்னும் விதிக்கு, அவ்விதியின் காலத்து மிகச் சிறந்த பரிசோதனைப் பொருளே விலக்காயிருந்தது!

சொறிமீனைப்பற்றி ஷேபர் கூறியது பிழையன்று. இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபின், 1962ஆம் ஆண்டில் ஹொரிட்ஜும் மக்கேயும் சொறிமீனின் நரம்புக் கலங்களுக்கிடையே நுண்ணிய இடைவெளி உண்டென்று காட்டினர். அச்சந்திகளில் இருபுறமும் ஒரேவகையாய் அமைந்திருந்தன. ஆகவே செய்தி இருதிசையிலும் செல்லலாம். ரொமானிஸ் வெட்டிய நாடாவில் அலை எத்திசையிலும் ஓடியதன் இரகசியம் இதில் இருந்தது.

ஆனால் கடல் அத்துடன் ஓயவில்லை. சொறிமீனைப்போலத் தோன்றினும் வேறு குலத்தைச் சேர்ந்த சீப்புச்சொறி என ஒரு பிராணி உண்டு. சீப்பின் பற்கள்போல் வரிசையாயமைந்த மயிர்களால் நீந்துவது. அதன் பரம்பரையலகுத் தொகுதியை 2013ஆம், 2014ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தவர்கள், விலங்குகளின் குலமரத்தில் முதலிற் பிரிந்த கிளை இதுவாயிருக்கலாம் என்றனர். நரம்பே இல்லாத கடற்பஞ்சுதான் முதற்கிளை என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். சீப்புச்சொறியே முந்தியதாயின், நரம்பு உலகில் இருமுறை தோன்றியிருத்தல் வேண்டும். அன்றேற் கடற்பஞ்சின் முன்னோர் இருந்த நரம்பை இழந்திருத்தல் வேண்டும். நிறமூர்த்தங்களை ஒப்புநோக்கி 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று சீப்புச்சொறியின் பக்கமே நின்றது. கடற்பஞ்சின் பக்கம் நின்று அதனை மறுப்போரும் உளர். வழக்கு இன்னும் முடியவில்லை.

அதே 2023ஆம் ஆண்டில், நோர்வே நாட்டின் பேர்கன் நகரிலே பூர்க்ஹார்ட் என்பவரும் அவர்தம் துணைவரும், சீப்புச்சொறியின் இளம்பருவத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அடுக்கடுக்காய்ப் படம்பிடித்து, அதன் தோலின்கீழுள்ள நரம்பு வலையை முழுவடிவில் அமைத்துப் பார்த்தனர். பிற கலங்களோடு சேருமிடங்களில் வழக்கமான சந்திகள் இருந்தன. ஆனால் அவ்வலையின் நரம்புக் கலங்களுக்கிடையே இடைவெளி இல்லை. அவை ஒரே மென்றகட்டினால் தொடர்ந்து இணைந்திருந்தன. மனித மூளையைப்பற்றிக் கொல்ஜி கொண்ட கருத்துப் பிழையே. ஆயினும் அவர் மனத்தில் வரைந்த அந்த முடிவிலா வலை, அவர் ஒருபோதும் தேடியிராத ஓரிடத்தில், கடலில் மிதக்கும் ஒரு சிற்றுயிரின் தோலுக்கடியில் இருந்தது.