கருவறையில் எழுதிய சட்டம்

பாரிசில் இருக்கும் என் பெறாமகள் சில மாதங்களுக்கு முன் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பூங்கா ஒன்றில் நிற்கும் கறுப்பினப் பெண்ணின் சிலை. "பெரியப்பா, இவவைத் தெரியுமோ? நான் வேலைக்குப் போற வழியிலை நிக்கிறா" என்று கீழே எழுதியிருந்தாள்.

தெரியும், நேயர்களே. அவள் பெயர் சொலிற்றூட். பிரெஞ்சு மொழியில் தனிமை என்று பொருள்.

கரிபியன் கடலிலுள்ள குவாதலூப், பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தீவு. 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அனுப்பிய படை வந்திறங்கியது. அந்த ஆண்டிலேயே அடிமை முறையும் திரும்பி வந்தது. எட்டு ஆண்டுகள் சுதந்திரமாக மூச்சுவிட்டவர்கள் மறுபடி விலங்குக்குக் கையை நீட்டுவார்களா? லூயி தெல்கிரேஸ் என்ற படையதிகாரியின் தலைமையில் எதிர்த்து நின்றார்கள். மே 28இல் மத்தூபாவில் சுற்றி வளைக்கப்பட்டபோது வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தம்மை மாய்த்துக்கொண்டார்கள். அந்தக் கிளர்ச்சியாளரோடு நின்ற சொலிற்றூட் உயிரோடு பிடிபட்டாள். அப்போது அவள் கர்ப்பிணி.

மரண தண்டனை விதித்தவர்கள் பிள்ளை பிறக்கும்வரை காத்திருந்தார்கள். பிரசவித்த மறுநாள், நவம்பர் 29இல், தண்டனை நிறைவேறியது. இரக்கத்தால் காத்திருந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1685ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டப்படி அடிமைத் தாயின் பிள்ளை அவளுடைய எசமானுக்குச் சொந்தம். சாகவேண்டியவள் தாய், வயிற்றிலிருந்தது ஒருவனுடைய முதல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்று நூலொன்றில் சில வரிகள். அவளைப் பற்றி எஞ்சியது அவ்வளவுதான். அந்தச் சில வரிகளிலிருந்து அந்திரே சுவார்ஸ்-பார் 1972இல் ஒரு நாவல் எழுதினார். 1999இல் குவாதலூப்பின் அபீம் நகரில் சிற்பி ஜாக்கி பூலியே அவளுக்குச் சிலை வடித்தார். இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, நிறைவயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு நிற்கிறாள். எந்த வயிற்றைச் சட்டம் உரிமை கொண்டாடியதோ அதையே சிற்பி முன்னிறுத்திவிட்டார். பாரிஸ் சிலை 2022 மே 10இல் திறக்கப்பட்டது.

1848இல் அடிமைகள் விடுதலையானபின் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் எங்கே வந்தார்கள் தெரியுமா? புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும். முதற்கப்பல் 1854 டிசம்பர் 24இல் அங்கே போய்ச் சேர்ந்தது. அது தனிக்கதை.

பெறாமகள் இன்னொன்றும் கேட்டிருந்தாள். "எங்கட ஊரிலையும் அடிமைகள் இருந்தவையோ?"

எங்கள் ஊர் சண்டிலிப்பாய். கல்வளைப் பிள்ளையார் மீது நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய அந்தாதியை இலக்கிய அன்பர்கள் அறிவார்கள். புலவரின் தந்தை வில்லவராய முதலியார் தேசவழமைத் தொகுப்புக்குத் துணைநின்றவர் என்பது மரபு. மகன் பாடியதை விளக்கவுரையோடு படிக்கிறோம். தந்தை காலத்துச் சட்டத்தில் அடிமைகள் பற்றிய பகுதியை எத்தனைபேர் புரட்டியிருப்போம்? ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த அந்தச் சட்டம், ஒருவருடைய அடிமை ஆண் இன்னொருவருடைய அடிமைப் பெண்ணை மணந்தால் பிள்ளைகள் பெண்ணின் உடைமைக்காரருக்கே என்கிறது. குவாதலூப்புக்கும் வலிகாமத்துக்கும் இடையே எத்தனை கடல்கள்! கருவறைச் சட்டம் மட்டும் ஒன்றே. ஆங்கிலேயரும் அதை அறிந்தேயிருந்தார்கள். யாழ்ப்பாணத்து அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் பெண்குழந்தைகளை அரசே விலைகொடுத்து விடுவிக்க 1821இல் ஒழுங்கு செய்தார்கள். பெண் விடுபட்டால் அடிமைத்தனம் அடுத்த தலைமுறைக்கு எந்த வழியால் போகும்? முழு ஒழிப்பு 1844இல்தான் வந்தது.

என் ஆச்சியின் வாயில் 'சீதனத்தோடை வந்தவை' என்றொரு பேச்சு அடிபடும். சிறுவயதில் நான் அதைக் குத்துவிளக்கும் கிடாரமும் என்றே நினைத்திருந்தேன். தோம்புகளையும் பழைய உறுதிகளையும் பற்றிப் படித்தபிறகே அந்த 'வை' மனிதரைக் குறித்தது என்று விளங்கியது.

"ஓம் மகள், இருந்தவை. எங்கட வீட்டிலையும் இருந்தவை" என்று பதில் எழுதினேன். அன்றிரவே மறுமொழி வந்தது: "அவையின்ர பேர் என்ன, பெரியப்பா?"

ஊரில் மூத்தவர்கள் இரண்டுபேரிடம் போய் விசாரித்தேன். ஆச்சியின் சீதனக் காணிகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் சொன்னார்கள். கிணற்றுப் பங்கைச் சொன்னார்கள். ஆச்சி வளர்த்த கறவைப் பசுவின் பெயரும் ஒருவருக்கு நினைவிருந்தது.