பாதிக் காற்றில் பறத்தல்

சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் ஹெலிகாப்டர்கள் பல்லடம், திருப்பூர் வட்டாரத்தாருக்குப் புதியன அல்ல. ஆலை வேலைக்கிடையே அண்ணாந்து பார்ப்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். இத்தகைய ஊர்தியை இமயத்தின் உச்சிகளில் இறக்க மனிதர் பட்ட பாடு தனி வரலாறு.

1960களின் இறுதியில், உயர்ந்த மலைகளில் இயங்கவல்ல ஹெலிகாப்டர் வேண்டுமென இந்தியப் படைகள் கேட்டன. பிரான்சு நாட்டார் முற்றிலும் புதிதாக ஒன்றை வடிக்கவில்லை. தங்களிடமிருந்த 'அலுவெட் இரண்டு' ஊர்தியின் இலேசான உடலில், 'அலுவெட் மூன்'றின் வலிய எந்திரத்தையும் சுழல் இறக்கையையும் பொருத்தினர். 'லாமா' பிறந்தது. 1969-இல் அது இமயத்தில் 7,500 மீட்டர் உயரத்தில் இறங்கி, மீண்டும் எழுந்தது. 1972 ஜூன் 21 அன்று ழான் புலே என்ற விமானி அதை 12,442 மீட்டர் வரை உயர்த்தினார். அங்கே எந்திரம் அணைந்துவிட்டது! கீழிருந்து மோதும் காற்றால் தானே சுழன்ற இறக்கையை மட்டும் நம்பி அவர் தரை சேர்ந்தார். அதே ஊர்தியைப் பெங்களூரின் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் பெற்றுக் கட்டி, 'சீட்டா' எனப் பெயரிட்டது.

1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சின் பனிமலையின் பிலாஃபோண்ட் கணவாயில் நம் வீரர்களை இறக்கியவை இந்தச் சீட்டாக்களே. 6,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். இறக்கைக்குப் பிடிமானம் குறைகிறது. எந்திரத்துக்கும் மூச்சு முட்டுகிறது. எனவே சுமையைக் குறைத்தே தீரவேண்டும். மிக உயர்ந்த காவல்நிலைகளுக்கு ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் அளவே ஒரு நடைக்குச் செல்லும். துணியின் கனத்தைக் கிராமில் கணக்கிடும் நம்மூர்த் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது என்பதால் விமானிகள் அதிகாலையையே நாடுவர். உயரச் சாதனைகளைவிட, நாள்தோறும் சென்ற அந்தத் தகரங்களே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல்நிலையில் பனிச்சரிவு மதராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்களைப் புதைத்தது. மீட்புக் குழுவினரும் கருவிகளும் ஹெலிகாப்டரிலேயே மேலே சென்றனர். ஆறாம் நாளில் கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா உயிருடன் மீட்கப்பட்டு, தில்லிக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டார். பிப்ரவரி 11 அன்று உயிர் நீத்தார். மற்ற ஒன்பது பேரின் உடல்கள் வானம் தெளியும்வரை மலையிலேயே காத்திருந்தன. அவற்றுள் நான்கு வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வரவேண்டியவை.