சராசரிக்குக் கீழே: சென்னையில் வளர்ச்சியை அளந்த வரலாறு (1871–2024)

முன்னுரை

நீடித்த வளர்ச்சி இலக்குகளை நோக்கி ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை நிதி ஆயோக் 2018 முதல் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாக வெளியிட்டு வருகிறது. தமிழ்நாடு முதல் அறிக்கையில் 66 பெற்றது. 2019–20இல் 67, 2020–21இல் 74, 2023–24இல் 78. எல்லா அறிக்கைகளிலும் மாநிலம் முன்வரிசையிலேயே நின்றது. இதே காலத்தில்தான், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டன. தண்ணீர் லாரிக்காகச் சென்னைத் தெருக்களில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டின.

மதிப்பெண் முறையாகக் கணக்கிடப்பட்டதுதான். தெருவில் நின்ற குடங்களும் உண்மை. இரண்டும் ஒரே நகரத்தில் எப்படிச் சேர்ந்திருந்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடை தேட, சென்னையில் மக்கள் நலனை எண்களால் அளந்த ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைப் பின்தொடர்கிறேன். சராசரியோடு நின்றுவிடாமல் அதற்குக் கீழே இறங்கிப் பார்த்தவர்களால்தான் இங்கே அளவீடு ஒவ்வொரு முறையும் முன்னேறியது. அந்த இறக்கம் இன்று மாநில எல்லையிலும் மாவட்ட எல்லையிலும் தடைப்பட்டிருக்கிறது. அது வார்டு வரைக்கும், நிலத்தடி நீர் வரைக்கும் போயாக வேண்டும் என்பது என் வாதம்.

1. பஞ்சமும் பதிவேடும்

1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மதராஸ் நகரில் 3,97,552 பேரைக் கணக்கிட்டது. மாகாணத்துக்கான அறிக்கையை எழுதியவர் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். ஆட்சியின் வசதிக்காகத் திரட்டப்பட்ட அந்த எண்கள், சில ஆண்டுகளிலேயே உயிர்களைப் பற்றிய விவாதத்துக்கு வந்து சேர்ந்தன. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கான அன்றாடத் தானிய அளவை ஒரு ராத்தலாகக் குறைத்தார். கார்னிஷ் அதை எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரை ராத்தல் தானியமும், பருப்பும் காய்கறியும் தேவை என்று வாதிட்டார். ‘டெம்பிள் கூலி’ எனப்பட்ட அந்தக் குறைந்த அளவை மாகாண அரசு 1877இல் கைவிட்டது.

ஒரு ராத்தல் போதும் என்றதும் ஓர் எண். போதாது என்று காட்டியவையும் எண்களே. யாருடைய உடலை வைத்து அளவுகோல் வகுக்கப்படுகிறது என்பதில்தான் இரண்டுக்கும் வேறுபாடு. நலனை அளக்கும் முயற்சிகளின் அரசியல் இந்த நகரத்தில் அன்றே வெளிப்பட்டுவிட்டது.

2. அதே ஊருக்குத் திரும்பிப் போனவர்கள்

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் பொறுப்பேற்றார். மாகாணம் தழுவிய தொகுப்பு எண்கள் அவருக்குப் போதவில்லை. மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் சொந்தக் கிராமங்களை ஆராயச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களைப் பற்றிய அந்த ஆய்வுகள் 1918இல் நூலாயின.

முதல் ஆய்வைவிட அதற்குப் பின் நடந்ததுதான் அளவீட்டு வரலாற்றில் அரிய செய்தி. 1936–37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடியும் ஆய்வாளர்களை அனுப்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் பிறரும் மூன்றாம் தலைமுறையாகப் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டை மீண்டும் ஆராய்ந்தார்கள். இப்படி ஒரே ஊரின் நிலம், கூலி, சாதி உறவு ஆகியவற்றைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து ஒப்பிடும் வாய்ப்புக் கிடைத்தது. அதே இடத்தை அதே கேள்விகளோடு திரும்பத் திரும்ப அளந்தால்தான் முன்னேற்றம் என்று ஒன்றைச் சொல்ல முடியும் என்பதை இந்த ஆய்வு மரபு நிறுவியது. ஜெயரஞ்சன் 2021இல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானதன் வழியே, ஊர் ஆய்வின் அனுபவம் கொள்கை வகுக்கும் இடத்துக்கும் சென்றது.

3. அடையாறு வட்டாரத்தின் பங்கு

யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற மால்கம் ஆதிசேஷையா, 1971இல் அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் மாநிலத் திட்டக் குழுவும் அமைந்தது. சி. டி. குரியன், குகன், ஏ. வைத்தியநாதன், எஸ். சுப்பிரமணியன் போன்றோர் இந்நிறுவனத்தில் இருந்து வறுமை, பாசனம், சமூகப் பாதுகாப்பு பற்றி எழுதியவை, உற்பத்தி வளர்ச்சியை மட்டும் பார்த்த அன்றைய போக்குக்கு மாற்றாக நின்றன. எஸ். ஜனகராஜன் நிலத்தடி நீரைப் பொருளாதார ஆய்வின் மையத்துக்குக் கொண்டுவந்தார்.

சற்றுத் தள்ளி, தரமணியில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1988இல் தொடங்கியது. உலக உணவுத் திட்டத்துடன் சேர்ந்து அது வெளியிட்ட உணவுப் பாதுகாப்பின்மை வரைபடத் தொகுப்புகள் (ஊரக இந்தியா 2001, நகர்ப்புற இந்தியா 2002) நம் பொருளுக்கு மிக நெருக்கமானவை. அரசே ஏற்கெனவே திரட்டி வைத்திருந்த தேசியப் புள்ளிவிவரங்களை அவை புதிய கேள்வியோடு அடுக்கின. 2004இல் வந்த மூன்றாவது தொகுப்பு, இன்றைக்குக் கிடைக்கும் உணவு நாளைக்கும் கிடைக்குமா என்று கேட்டு, நிலம், நீர், காடு ஆகியவற்றின் நிலையையும் கணக்கில் சேர்த்தது. ஐ.நா. நீடித்த வளர்ச்சி இலக்குகளை அறிவிப்பதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, அந்தச் சிந்தனை தென்சென்னையில் எண்களாக வடிவம் பெற்றிருந்தது.

2003இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட மனித வளர்ச்சி அறிக்கை மாவட்ட அளவுக்கு இறங்கியது. சென்னை முதலிடத்திலும் தருமபுரி கடைசியிலும் இருந்தன. மாவட்டங்களுக்கு இடையிலான இடைவெளியை அந்த அறிக்கை வெளிச்சமிட்டது. ஆனால் முதலிடம் பெற்ற சென்னைக்கு உள்ளே இருந்த இடைவெளியை ஒரே எண் மூடிவிட்டது.

4. இலக்குகளின் காலம்

2015 செப்டம்பரில் ஐ.நா. 17 இலக்குகளையும் 169 உட்குறிக்கோள்களையும் ஏற்றது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2018இல் 306 குறியீடுகள் கொண்ட தேசியக் கட்டமைப்பை வெளியிட்டது. நிதி ஆயோக் அவ்வளவையும் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் அறிக்கையில் 62 குறியீடுகள், இரண்டாவதில் 100, மூன்றாவதில் 115, நான்காவதில் 113. அளவுகோலே மாறிக்கொண்டிருந்ததால், 66இலிருந்து 78 வரையிலான ஏற்றம் முழுவதையும் முன்னேற்றம் என்று படிக்கக் கூடாது.

மொத்த மதிப்பெண் மூடி மறைக்கும் இடங்கள் மூன்றைக் காட்டலாம். முதலாவது, வேகத்தின் ஏற்றத்தாழ்வு. 2015–16க்கும் 2019–21க்கும் இடையே தமிழ்நாட்டில் பல்பரிமாண வறுமை 4.76 விழுக்காட்டிலிருந்து 2.20 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களிடையே ரத்தசோகை 55.0 விழுக்காட்டிலிருந்து 53.4க்குத்தான் இறங்கியது. இரண்டில் ஒரு பெண்ணுக்கு மேல் ரத்தசோகை இருப்பது, முன்வரிசை மாநிலம் ஒன்றின் தலையாய கவலையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கடல். கடல்வாழ் உயிர்கள் பற்றிய 14ஆவது இலக்கு ஒன்பது கடலோர மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், அந்த மதிப்பெண் மொத்தக் கணக்கில் சேர்வதில்லை. நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும் கடலை நம்பி வாழ்பவர்களின் கடல் எப்படிப் போனாலும் மாநிலத்தின் எண் அசையாது.

மூன்றாவது, தண்ணீர். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு ‘மேம்பட்ட குடிநீர் ஆதாரம்’ என்ற தலைப்பின் கீழ் வீட்டுக் குழாய், தெருக் குழாய், ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றோடு தண்ணீர் லாரியையும் விலைக்கு வாங்கும் பாட்டில் தண்ணீரையும் சேர்த்திருக்கிறது. கிருமித் தொற்றிலிருந்து பாதுகாப்பு என்ற நோக்கில் அந்த வரையறைக்குக் காரணம் உண்டு. ஆனால் 2019 ஜூனில் குழாய் வற்றி, லாரிக்குக் காத்திருந்து, கேன் வாங்கிச் சமைத்த வீடும் இந்த வரையறைப்படி மேம்பட்ட ஆதாரம் உள்ள வீடே. எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வந்தது, எத்தனை குடம் கிடைத்தது, வீட்டில் யார் காத்து நின்றார்கள் என்பவை அந்த விழுக்காட்டில் இல்லை. முன்னுரையில் எழுப்பிய கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

5. கணக்கில் எழுதப்படாத ஏரி

அந்த விடையின் மீதிப் பகுதி தியாகராய நகரில் இருக்கிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டிருந்த நெடிய ஏரியை 1920களில் வற்றவைத்துத்தான் இந்த நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு மட்டும் ஏரி இருந்த திசையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வீடு கட்டுவதும் கடை திறப்பதும் தேசிய வருமானக் கணக்கில் வரவாகச் சேரும். ஏரி போனதற்குச் செலவுப் பக்கத்தில் ஒரு வரியும் கிடையாது. பெட்டியிலிருந்த நகையை விற்ற பணத்தை வருமானம் என்று எழுதிவிட்டு, நகை குறைந்ததை எழுதாமல் விடும் வீட்டுக் கணக்கு இது.

இந்தக் குறையைத் தீர்க்கும் முறைகள் இன்று கைவசம் இருக்கின்றன. 2012இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் சுற்றுச்சூழல்–பொருளாதாரக் கணக்கு முறையை ஏற்றது. பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான குழு இந்தியாவுக்கான பசுமைக் கணக்குக் கட்டமைப்பை 2013இல் அளித்தது. புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிடுகிறது. ஆயினும் அவை நாடு, மாநிலம் என்ற அளவிலேயே நிற்கின்றன. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. எஞ்சியதைக் காப்பாற்ற அது உதவும். ஆனால் வேளச்சேரியும் அடையாறும் வெள்ளத்தில் மூழ்கும்போது கண்முன் வரும் நீர்நிலை இழப்பு, ஆண்டுதோறும் ஒரு கணக்கேட்டில் பதிவாக வேண்டும்.

முடிவுரை

இறங்கிப் பார்ப்பதற்கு இன்றுள்ள முதல் தடை எல்லைகள். 2011 கணக்கெடுப்பு, 174 சதுர கிலோமீட்டரும் 155 வார்டுகளும் கொண்ட பழைய மாநகராட்சியில் 46,46,732 பேரைக் கணக்கிட்டது. அதே ஆண்டில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராகவும் 200 வார்டுகளாகவும் விரிந்தது. தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களின் இன்றைய வார்டுகளைப் பழைய வார்டு எண்களோடு நேரடியாக ஒப்பிட முடியாது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போனது.

2027 கணக்கெடுப்பு இதைச் சரிசெய்யக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. அதன் முடிவுகளை இன்றைய வார்டு வாரியாகவும், பழைய எல்லைகளோடு பொருத்திக் காட்டும் அட்டவணையோடும் வெளியிட வேண்டும். குடிநீர் பற்றிய குறியீட்டில் ஆதாரத்தின் வகையோடு, விநியோக நாள்களையும் கோடைக்கால அளவையும் தனியே சேர்க்க வேண்டும். குடிநீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளில் அளக்கும் நிலத்தடி நீர்மட்டம், ஏரி, சதுப்புநிலப் பரப்பு ஆகியவற்றை மண்டலவாரி இருப்புக் கணக்காக ஆண்டுதோறும் மாநகராட்சி வரவு செலவுத் திட்டத்தோடு வைக்க வேண்டும்.

இதற்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. பொருளியல் புள்ளியியல் துறை தேனாம்பேட்டையிலும், குடிநீர் வாரியம் சிந்தாதிரிப்பேட்டையிலும், திட்டக் குழு சேப்பாக்கத்திலும், ஆய்வு நிறுவனங்கள் அடையாறிலும் தரமணியிலும் இருக்கின்றன. தரவும் அறிவும் ஒரே நகரத்துக்குள் பல அலமாரிகளில் பிரிந்து கிடக்கின்றன. அவற்றை ஒன்றாக்கி வார்டு மக்களின் கையில் கொடுப்பது அரசு எடுக்க வேண்டிய முடிவு. தங்கள் தெருவின் எண் தெரிந்த மக்கள்தான், மாநிலத்தின் எண் யாரைப் பற்றியது என்று கேட்க முடியும்.