மச்சமுனியும் மீனபாவும்: ஒற்றியூரிலிருந்து திபெத்துக்கு

அமெரிக்காவின் நவஹோ மக்களும் திபெத்தியத் துறவிகளும் வண்ண மணலால் புனிதச் சித்திரம் வரைகிறார்கள். சடங்கு முடிந்ததும் கலைத்துவிடுகிறார்கள். இதை வைத்து இரு மரபுக்கும் மூலம் ஒன்றே என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நவஹோ சித்திரம் நோய் தீர்ப்பதற்கானது. நோயாளியை அதன் நடுவில் உட்கார வைப்பார்கள், அன்றைக்கே அழித்தும் விடுவார்கள். திபெத்திய மண்டலம் தெய்வத்தின் மாளிகை, நாட்கணக்கில் வளர்வது. இவ்விரு மக்களும் பழங்காலத்தில் சந்தித்ததற்குத் தடயமே இல்லை. மணலும் நிறமும் எங்கும் கிடைப்பவை. இரண்டு மரபுகளை உறவு என்று சொல்ல, தற்செயலாக இரண்டு இடத்தில் தோன்ற முடியாத நுணுக்கமும், அது பயணப்பட்டிருக்கக்கூடிய வழியும் வேண்டும்.

அந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது நம் சித்தர் மரபில். பதினெண் சித்தர் பட்டியல்களில் வரும் கோரக்கர், திபெத்தியர் போற்றும் எண்பத்து நான்கு மகாசித்தர்களிலும் கோரட்சராக இருக்கிறார். அதைவிட அழுத்தமான சான்று மீனபா. 12ஆம் நூற்றாண்டில் அபயதத்தர் தொகுத்ததாகச் சொல்லப்படும் சித்தர் வரலாறுகளில் மீனபா ஒரு மீனவர். மீனால் விழுங்கப்பட்ட அவர், அதன் வயிற்றுக்குள் இருந்தபடியே மகாதேவர் உமைக்குச் செய்த உபதேசத்தைக் கேட்கிறார். நம் பதினெண் சித்தரில் ஒருவரான மச்சமுனியின் கதையிலும் மீனும் சிவனும் உமையும் இரகசிய உபதேசமும் உண்டு. புத்தரைப் போற்றும் நூலான அபயதத்தரின் தொகுப்பு சிவனைக் குருவாக விட்டுவைத்திருப்பதுதான் இங்கே முக்கியம். இரவல் வாங்கியவர் அழிக்க மறந்த முத்திரை அது.

திருவொற்றியூருக்கு இதில் என்ன இடம் என்று கேட்கலாம். பட்டினத்தார் சமாதி இருக்கும் கடற்கரை என்பதோடு அதன் பங்கு முடியவில்லை. இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுந்த ஆதிபுரீசுவரர் விமானத்தோடு, சதுரானன பண்டிதர்கள் என்ற துறவிகளின் மடமும் இங்கே தலைமுறைகளாக இயங்கியது. லகுலீச பாசுபதம் என்ற சைவப் பிரிவின் தடயமான கௌலீசர் சன்னிதியும் இக்கோயிலில் உண்டு. இரண்டாம் இராசாதிராசன் காலக் கல்வெட்டு, பங்குனி உத்திர விழாவில் அரசன் சுந்தரர் வரலாற்றைக் கேட்டபோது சோமசித்தாந்தம் உரைக்கும் வாகீச பண்டிதரும் உடனிருந்ததாகச் சொல்கிறது. சோமசித்தாந்தத்தைக் காபாலிகர் என்ற சைவத் துறவிகளின் கொள்கை என்றே ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். காபாலிகர் ஏந்திய மண்டையோட்டுக் கலமும் கட்டுவாங்கம் என்ற தடியும் திபெத்தியர் வணங்கும் பௌத்த குரு பத்மசம்பவரின் உருவங்களில் இன்றும் காணக்கிடைக்கின்றன. வடஇந்தியத் தாந்திரிக மரபின் ஒரு கிளை இமயத்தைத் தாண்டியது, இன்னொரு கிளை இந்தக் கடலோரம் வரை வந்தது.

பட்டினத்தாருக்கும் தந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற மறுப்பு நியாயமானது. பதினோராம் திருமுறையில் பாடியவரும் சித்தர் பாடல்களைப் பாடியவரும் வேறு வேறு ஆட்கள் என்பதே பெரும்பான்மைக் கருத்து. பிந்தியவரின் துறவிலும் மண்டையோட்டுச் சடங்கு கிடையாது. ஆகவே அவரைத் திபெத்தோடு நேராக முடிச்சுப் போட முடியாது. திபெத்துக்குச் சித்த மரபைக் கற்பித்ததே தமிழர்தான் என்ற பெருமையும் நிற்காது. பதினெட்டு என்று எண்ணும் நம் பட்டியல்கள் அபயதத்தரின் தொகுப்புக்குப் பிந்தியவை. கோரக்கரும் மச்சமுனியும் வடக்கின் நாத யோகிகளோடு இங்கே வந்து சேர்ந்த பெயர்கள் என்பதே சான்றுக்கு இசைவானது.