கட்டத்தின் அகலம்: முனையத் திரையில் எழுத்துருத் தெரிவின் வரலாறு

இன்றைய முனைய நிரல்களில் எழுத்துருவுக்கென்றே விரிவான அமைப்புகள் இருக்கின்றன. எழுத்துருவின் பெயர், பருமன், தடிப்பு, வரி இடைவெளி எல்லாவற்றையும் பயனரே தீர்மானிக்கலாம். ஆனாலும் எவ்வளவு நல்ல தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தாலும் அதே திரையில் தமிழ் வரி குலைகிறது. ஓர் எழுத்து அடுத்ததன்மேல் ஏறுகிறது. கர்சர் ஓரிடத்தில் நிற்க, வேறோர் இடத்தில் எழுத்து அழிகிறது. பழி வழக்கமாக எழுத்துருவின்மேல் விழுகிறது. முனையத்தின் வரலாற்றைப் பார்த்தால் காரணம் வேறிடத்தில் இருப்பது தெரியும். எழுத்தின் வடிவம் வன்பொருளிலிருந்து சிறிது சிறிதாகப் பயனர் கைக்கு வந்தது. எழுத்தின் அகலமோ அவ்வாறு வரவே இல்லை.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 முனையத்தில் எழுத்து வடிவங்கள் படிப்பு நினைவகச் சில்லு ஒன்றில் பொறிக்கப்பட்டிருந்தன. 7க்கு 9 புள்ளிகளில் ஓர் எழுத்து, வரிக்கு 80 கட்டங்கள், திரைக்கு 24 வரிகள். திரையில் எங்கே எதை எழுதுவது என்பதை நிரல் கட்ட எண்ணைக் கொண்டே சொல்லும். 1983இல் வந்த விடி220, 94 எழுத்து வடிவங்களைக் கணினியிலிருந்து முனையத்துக்குள் இறக்கிக்கொள்ள இடம் தந்தது. அப்போதும் புதிய வடிவம் பழைய கட்டத்துக்குள்ளேயே வரையப்பட வேண்டும். வடிவம் நெகிழ, அளவு இறுகி நிற்கும் இந்தப் போக்கு அன்றே தொடங்கிவிட்டது.

1984இல் மார்க் வாண்டெவூர்டு எழுதத் தொடங்கிய எக்ஸ்டெர்ம், முனையத்தை மென்பொருளாக்கியது. எக்ஸ் சாளர அமைப்பில் எழுத்துரு தனிக் கோப்பு. ஆகவே சில்லின் பிடி விட்டது. மவுஸின் வலப் பொத்தானைக் கண்ட்ரோல் விசையுடன் அழுத்தி எழுத்தைச் சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம். பின்னர் கீத் பேக்கர்டின் எக்ஸ்எஃப்டி, ஃபாண்ட்கான்ஃபிக் ஆகிய எழுத்துரு நூலகங்களால் விளிம்பு மழுங்கிய, எந்த அளவிலும் தெளிவான எழுத்துருக்களும் வந்தன. ஆனால் அகலம் மாறும் எழுத்துருவைக் கொடுத்தாலும் எக்ஸ்டெர்ம் இயல்பாக அதைச் சம கட்டங்களிலேயே பரப்புகிறது. எழுத்துரு கேட்கும் இடம் ஒன்று. முனையம் ஒதுக்கும் இடம் வேறு.

கிழக்காசிய மொழிகள் இதற்கு விடை கண்டுவிட்டனவே என்று கேட்கலாம். அந்த விடை எப்படிக் கிடைத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஷிஃப்ட்-ஜிஸ் குறிமுறையில் ஒரு பைட் எழுத்துக்கு ஒரு கட்டம், இரண்டு பைட் எழுத்துக்கு இரண்டு கட்டம். நிரலும் முனையமும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே கணக்குக்கு வந்தன. யூனிகோட் வந்ததும் பைட்டுக்கும் அகலத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. அந்த இடத்தை நிரப்ப, கேம்பிரிட்ஜின் மார்க்கஸ் கூன் 2000ஆம் ஆண்டையொட்டி டபிள்யூசிவிட்த் என்னும் செயல்கூற்றுக்கு ஒரு வடிவம் எழுதிப் பொதுவில் விட்டார். ஒரு குறியெண்ணைக் கொடுத்தால் அது சுழியமா, ஒரு கட்டமா, இரண்டா என்று சொல்லும். சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு வரையறை இருந்தது. யூனிகோடின் அகல வகைப்பாட்டில் தமிழ் உட்பட்ட ‘நடுநிலை’ வகுப்புக்கு அப்படி எந்த வழக்கமும் இல்லை. எளிமை கருதி எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் தரப்பட்டது. இது முழுத் திருப்தி தருவதில்லை என்றும், முறையான தரப்பாடு உருவாகுமுன் மறுபரிசீலனை வேண்டும் என்றும் நிரலின் தலைக்குறிப்பிலேயே கூன் எழுதிவைத்தார். அந்த நேர்மையான எச்சரிக்கை மறக்கப்பட்டது. தற்காலிகக் கணக்கு மட்டும் எண்ணற்ற நிரல்களுக்குள் படியெடுக்கப்பட்டது.

விளைவைத் தமிழில் எண்ணிப் பார்க்கலாம். யூனிகோட் வகைப்பாட்டில் இகரக் குறி இடம் எடுக்கும் குறி. ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் எடுக்காதவை. ஆகவே கூனின் கணக்கில் ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரே கட்டம். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே அகலம். கொம்பு, ககரம், கொம்புக்கால் என மூன்று உருவங்கள் வரும் ‘கௌ’வுக்கு இரண்டு கட்டம். ஒல்லியான ‘ர’வுக்கும் அகன்ற ‘ஔ’வுக்கும் ஆளுக்கு ஒன்று. இந்த எண்களுக்குப் பொருந்தும்படி எந்த வடிவமைப்பாளரும் அழகான சம அகலத் தமிழ் எழுத்துரு செய்ய முடியாது. போதாக்குறைக்கு, பைத்தானின் டபிள்யூசிவிட்த் நூலகம் 2023இல் இடம் எடுக்கும் குறிகளையும் சுழியமாக எண்ணத் தொடங்கியது. நிரல் ஒரு கணக்கும் முனையம் வேறு கணக்கும் வைத்திருந்தால் ‘கி’ போன்ற உயிர்மெய்களில் கர்சர் விலகத்தான் செய்யும்.

உருவங்களுக்கே குறியெண் தந்த திஸ்கி போன்ற பழைய குறிமுறைக்குத் திரும்பலாம் என்பார் உண்டு. ஒரு குறியெண்ணுக்கு ஒரு கட்டம் என்பது அதில் சரியாக வரும். ஆனால் ‘கொ’ மூன்று துண்டுகளாகிவிடும், தேடலும் அகரவரிசையும் கெடும். கட்டங்களையே கைவிடலாம் என்பது இன்னொரு வழி. எம்எல்டெர்ம் என்னும் முனைய நிரலில் அகலம் மாறும் எழுத்துகளை இயல்பாகக் காட்டும் தெரிவு உண்டு. வாசிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் விம் என்னும் உரைதிருத்தி போல நெடுவரிசைகளை நம்பி இயங்கும் நிரல்களில் வரிசை குலையும். கட்டமே முனையத்தின் உயிர், அதில் கைவைக்கக் கூடாது என்னும் வாதத்தின் வலிமை இதுதான். நானும் கட்டத்தை நீக்கச் சொல்லவில்லை. ஆனால் ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம் என்பதை நிரல் முனையத்திடம் சொல்லவே முடியாது என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒரு வரி முழுவதையும் இருமடங்கு அகலத்தில் காட்டு என்று ஆணையிடும் வசதி 1978இன் விடி100இலேயே இருந்தது.

கோவித் கோயல் உருவாக்கிய கிட்டி முனையம் 2025இல் அந்தப் பழைய வசதியை நுட்பமான அளவில் மீட்டது. இன்ன எழுத்துத்தொகுதிக்கு இத்தனை கட்டம் என்று நிரலே அறிவிக்கும் நெறிமுறை அது. எழுத்துருவை யூனிகோட் பகுதிவாரியாக ஒதுக்கும் வசதி கிட்டியில் முன்பே இருந்ததுதான். தமிழுக்கு அதைவிடப் பயன் தரக்கூடியது இந்த அறிவிப்பு என்பது என் மதிப்பீடு. அறிவிக்க வேண்டிய நிரல்கள் அதைக் கற்றுக்கொண்டாக வேண்டும். என்ன எண்ணை அறிவிப்பது என்பதும் முடிவாக வேண்டும். 247 எழுத்துகளும் கிரந்த வரிசைகளும் அடங்கிய சிறிய பட்டியல் போதும். அதில் ‘கி’க்கும் ‘கீ’க்கும் ஒரே அகலம், ‘ஔ’வுக்கு இரண்டு, ‘கௌ’வுக்கு மூன்று என்று எழுத, தமிழ் எழுத்துரு வடிவமைப்பாளர்களிடம் ஏற்கெனவே உள்ள அளவுகளே ஆதாரமாகும்.