மிருதங்கமும் விஞ்ஞானமும்

விஞ்ஞானம் அறிவின்பாற்பட்டது, கலை உணர்ச்சியின்பாற்பட்டது, இரண்டிற்கும் உறவில்லை என்று கூறுவாருளர். அவ்வுறவைப் புலப்படுத்துகிறது, நம்மைப் போலவே உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழகம் விட்டுச் சென்ற ஒருவரின் வரலாறு.

1907-ஆம் ஆண்டில் ஸி. வி. ராமன் நிதி இலாகா அதிகாரியாகக் கல்கத்தாவை அடைந்தார். டிராம் வண்டியில் செல்லுகையில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பலகையைக் கண்டார். அன்று தொட்டு, ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்ட காலம் நீங்கலாக, பகலில் அலுவலகக் கணக்கும் காலை மாலைகளில் கழகத்தில் சோதனையுமாக அவர் வாழ்க்கை நடந்தது. 1917-இல் மிகுந்த ஊதியமுள்ள அப்பதவியைத் துறந்து பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28-இல் ‘ராமன் விளைவு’ பிறந்ததும், 1930-இல் நோபல் பரிசு கிடைத்ததும் யாவரும் அறிந்தவை.

அவர் மிருதங்கத்தையும் ஆராய்ந்தார் என்பதைப் பலர் அறியார். வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால், அடியொலியோடு எழும் மேலொலிகள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. ஆதலின் சுருதி சேராது. வீணைத் தந்தியிலோ அவை 1, 2, 3 என ஒழுங்காக அமைகின்றன. மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் தந்தியைப் போல் இனிமையாக ஒலிப்பதேன்? தோலின்மேல் மணலைத் தூவி, அதிரும்போது மணல் ஒதுங்கி நிற்கும் கோடுகளை ராமன் நோக்கினார். நடுவில் இட்ட கரணையின் பாரமே ஒலிகளை ஒழுங்குபடுத்துகிறது எனக் கண்டார். இது பற்றி 1920-இலும் 1934-இலும் கட்டுரைகள் வெளியிட்டார்.

நிற்க. அக்கரணையை முதன்முதல் இட்டவர் யார்? அவர் பெயரை வரலாறு நமக்கு அளிக்கவில்லை. சோறும் கல்தூளும் குழைத்து, பூச்சின்மேல் பூச்சாக இட்டுத் தேய்த்து, தட்டிக் கேட்டு, ஒவ்வாததைச் சுரண்டி எறிந்து, மீண்டும் இட்டிருப்பார்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் தொழிலாளர்கள். அவர்களுக்குச் செவியே சோதனைச்சாலை. விடையைக் கண்டவர்கள் அவர்கள். அவ்விடையின் காரணத்தைக் கண்டவர் ராமன். இருவர் செய்ததும் சோதனையே.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் எளியேன், மாலையில் நேரமில்லை என்று இதுகாறும் சொல்லிவந்தேன். இவ்வரலாற்றை அறிந்தபின் அச்சாக்கு நாவில் எழவில்லை. சென்ற மாதம் என் மகன் பழைய தகர டப்பாவின் வாயில் காகிதம் ஒட்டி, அதன்மேல் மாவைத் தடவித் தட்டிக்கொண்டிருந்தான். இரைச்சல் என்று அதட்டி அதைப் பிடுங்கி எறிந்தேன். அது பிழையென இன்று உணர்கிறேன். நம் காலனி வீடுகளில் அத்தகைய இரைச்சல் பெருகுக!